கரண்ட் வந்தாலும் தானாக ஓடாது

மே/பா தோட்டத் துரை அவர்கள்,
மூங்கில்மலைத் தோட்டம்,
லிந்துலை.
21.01.2007

அன்புள்ள மச்சானுக்கு,

நானும் அத்தையும் நலம். பொங்கலுக்கு மறுநாள் பொன்னையா அண்ணன் லீவில் வந்து சேர்ந்தார். நீங்கள் கொடுத்தனுப்பிய பெட்டியும் உடையாமல் வந்தது. ஹட்டன் சோதனைச் சாவடியில் பெட்டியைப் பிரித்து, வெட்டுக் கத்தியைச் சுற்றவைக்கிற ஸ்பிண்டிலை வெளியே எடுத்து, "மே மொகக்த?", இது என்ன, என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார்கள். அண்ணன் பயத்தில், "தேங்கா துருவுற மெசின் மஹத்தயா" என்று சொல்லிவிட்டாராம். இருபதாயிரம் சுற்று சுற்றுகிற மோட்டரில் தேங்காய் துருவினால் தேங்காய் நானுஓயாவில் போய் விழும்.

"நான் வரும்வரை திறக்காதே" என்று பெட்டியின் நாலு பக்கமும் எழுதியிருந்தீர்கள். நாலு பக்கத்தையும் வாசித்தேன். பிறகு திறந்தேன்.

உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். போனில் சொன்னால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள், நானும் பேசுவேன், சண்டை முடியுமுன் போன் காட் முடிந்துவிடும். கடிதத்தில் நான் சொல்லி முடிக்கிறவரை நீங்கள் வாயைத் திறக்க முடியாது. அதனால் இனிமேல் கடிதம்தான்.

நீங்கள் கட்டாருக்குப் போகுமுன் வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் பாதியாக விட்டுப்போன, கம்ப்யூட்டர் சொன்னபடி பலகை வெட்டுகிற மெஷின் இப்போது பாதியில் இல்லை. நீங்கள் போகும்போது அது இடமும் வலமும் மட்டும்தான் ஓடியது. முன்னும் பின்னும், மேலும் கீழும் ஓடவைத்துவிட்டேன். தலவாக்கலையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தது வீண்போகவில்லை. ஸ்பிண்டில் வைக்கிற இடத்தில் ஒரு பேனாவைக் கட்டி, அத்தையின் பேரைக் கம்ப்யூட்டரில் அடித்து, 'மீனம்மா' என்று தாளில் எழுதவைத்தேன். அத்தை பார்த்துவிட்டு, "இத்தனை சாமானை வச்சு ஒரு பேரா எழுதுன? நான் கைநாட்டே வச்சிட்டுப் போறேன்" என்றார்.

பேனாவால் எழுதினது மழையில் அழியும். எனக்கு அழியாதது வேண்டும். ஏனென்று சொல்கிறேன்.

ஆசிரியர் நேர்முகத்துக்கு டிசம்பர் நாலாம் திகதி வரச்சொல்லிக் கடிதம் வந்தது என்று சொன்னேன் அல்லவா? எப்போது என் கைக்கு வந்தது என்று சொல்லவில்லை. டிசம்பர் பதினைந்து. நேர்முகம் முடிந்து பதினோரு நாள். அதுவரை மூன்று வாரம் தோட்டத்து ஆபீஸ் மேசை லாச்சிக்குள் கிடந்திருக்கிறது. கேட்டதற்கு, தோட்டத்தை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா, "ஜெகதீஸ்வரின்னு தோட்டத்துல மூணு பேரு இருக்காங்க. எந்த லயம், எந்தக் காம்பராவுன்னு எங்களுக்கு எப்புடித் தெரியும்?" என்றார். நம் லயத்தில் வரிசையாக இருபத்திநாலு காம்பரா வீடு. எண்பது வருடமாக ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு கதவிலும் நம்பர் இல்லை. தேயிலை மலைக்கு நம்பர் இருக்கிறது, கொழுந்து சாக்குக்கு நம்பர் இருக்கிறது, நமக்கு இல்லை.

இருபத்திநாலு கதவுக்கும் நம்பர் பலகை வெட்டப்போகிறேன். ஸ்பிண்டில் வேண்டும் என்பது அதற்குத்தான். கிரண்டிஸ் மரப் பலகைக்கு என்ன வேகம் வைக்க வேண்டும், மோட்டரின் வயரை எதில் கொடுக்க வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். திட்டுவதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஜெகா


டோஹா
11.02.2007

அன்புள்ள ஜெகாவுக்கு,

திட்டுவதை அடுத்த கடிதத்துக்கு வைக்க முடியாது. திறக்காதே என்றால் திறக்காதே.

பேனா வேறு, ஸ்பிண்டில் வேறு. பேனா தவறினால் தாள் கிழியும். இது தவறினால் என்ன கிழியும் என்று நான் இங்கே தினமும் பார்க்கிறேன். நான் வேலை செய்கிற மெஷின் நம் காம்பராவைவிடப் பெரியது. கண்ணாடிக் கூண்டுக்குள் ஓடும். கூண்டு திறந்திருந்தால் ஓடாது. அப்படி ஒரு மெஷினையே பயந்து பயந்துதான் பார்க்க வேண்டும். நீ இஸ்தோப்பில், கோழியும் பிள்ளைகளும் ஓடுகிற இடத்தில் வைத்து ஓட்டப்போகிறேன் என்கிறாய்.

பொம்பளைப் பிள்ளைக்கு இது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உனக்கு வேண்டாம். டிசம்பரில் லீவு கிடைக்கும். நான் வந்து ஓட்டுகிறேன். எண்பது வருடம் நம்பர் இல்லாமல் இருந்தோம், இன்னும் பத்து மாதம் இருந்தால் குடி முழுகிப் போகாது.

வேகம் கேட்டிருந்தாய். அதெல்லாம் அனுபவத்தில் வருவது, எழுதிக் காட்ட முடியாது.

நீ சொல் கேட்கமாட்டாய் என்று தெரியும், அதனால் ஒன்று மட்டும். கம்ப்யூட்டரிலிருந்து வருகிற வயரில் ஸ்பிண்டிலைக் கொடுக்கவே கொடுக்காதே. கம்ப்யூட்டருக்கு எப்போது கோளாறு வரும் என்று யாருக்கும் தெரியாது. நேரே சுவர் சுவிட்சில் மாட்டு. போட்டால் ஓடும், நிறுத்தினால் நிற்கும். அவ்வளவுதான்.

அம்மாவை மழையில் கொழுந்துக்குப் போகவேண்டாம் என்று சொல்.

தரணிதரன்


லிந்துலை
18.03.2007

அன்புள்ள மச்சானுக்கு,

"பொம்பளைப் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் உனக்கு வேண்டாம்." இந்த வரியை அத்தைக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். "அவன் அப்பனும் இப்புடித்தான், தனக்கு நீச்சல் தெரியாது, ஆத்துல எறங்காதேன்னு ஊருக்குச் சொல்லுவான்" என்றார். நான் சிரித்தேன். நீங்கள் கோபப்படாதீர்கள், சொன்னது உங்கள் அம்மா.

உங்கள் பேச்சில் ஒன்றைக் கேட்டேன், ஒன்றைச் சோதித்துப் பார்த்தேன். கம்ப்யூட்டரை நம்பாதே என்றீர்களே, ஏன் நம்பக்கூடாது என்று எனக்குத் தெரிய வேண்டாமா? ஸ்பிண்டிலை வைக்காமல், அந்த வயரில் ஒரு நாற்பது வாட் பல்பைக் கொடுத்தேன். பல்பு எரிந்தால் ஸ்பிண்டில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ள வேண்டியது. கம்ப்யூட்டரைப் போட்டேன். நான் எதையும் தொடவில்லை, விண்டோஸ் கூட வரவில்லை, பல்பு தானாக எரிந்தது. மூன்று எண்ணுவதற்குள் அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடி எரிந்தது. கம்ப்யூட்டர் தூங்கி எழும்பும்போது கண்ணைக் கசக்குகிற மாதிரி வயரில் எல்லாம் ஒருதரம் கரண்டை விட்டுப் பார்க்கிறது போலிருக்கிறது. பல்பு இருந்த இடத்தில் ஸ்பிண்டில் இருந்து, அதன் கீழே என் கை இருந்திருந்தால்?

ஆகவே நீங்கள் சொன்னது சரி. சுவர் சுவிட்சில் மாட்டிவிட்டேன். தலைமயிரைக் கொண்டை போட்டு, துப்பட்டாவைக் கழற்றி வைத்து, பொன்னையா அண்ணனின் வெல்டிங் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் நிற்கிறேன். இஸ்தோப்பு வாசலுக்குக் குறுக்கே, நாம் உட்காருகிற வாங்கைப் போட்டு மறித்துவிட்டேன். கோழிக்கும் அனுமதி இல்லை.

முதலில் பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் வெட்டிப் பழகினேன். வேகம் எழுதிக் காட்ட முடியாது என்றீர்கள். நான் ஒன்பது வேகத்தில் வெட்டி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் வேகத்தை எழுதி, சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். நாலாவதுதான் சரி. அதற்கு மேலே போனால் மரம் கருகுகிறது, கீழே போனால் கத்தி கடிக்கிறது. எழுதிக் காட்டலாம் மச்சான்.

இந்த மாதம் பதினொரு பலகை ஆகிவிட்டது. நமது கதவுக்கு ஏழு. 'இலக்கம் 7, மேட்டு லயம்.' கண்டாக்கு ஐயா வந்து பார்த்துவிட்டு, "யாரைக் கேட்டு நம்பர் அடிச்சீங்க?" என்றார். "எண்ணிப் பாத்து அடிச்சோம் ஐயா" என்றேன். படியிறங்கிப் போய்விட்டார். திரும்பி வருவார்.

ஜெகா


டோஹா
09.04.2007

ஜெகாவுக்கு,

பல்பு வைத்துப் பார்த்தது எனக்குத் தோன்றாத யோசனை. அதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றதைச் சொல்கிறேன்.

கண்டாக்கோடு வாய் கொடுக்காதே. அந்தக் காம்பரா நம்முடையது இல்லை, தோட்டத்துடையது. அம்மாவின் பேரில்தான் கொடுத்திருக்கிறார்கள். நாளைக்குத் துரை கரண்டை வெட்டச் சொன்னால் வெட்டுவார்கள். நான் இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு யாரிடம் போய்க் கேட்பேன்? பதினொன்றோடு நிறுத்து. நம்பர் போடுவது அவர்கள் வேலை, நம் வேலை இல்லை.

சிவப்புத் தலை வைத்த பெரிய பட்டன் ஒன்றைப் பொன்னையா அண்ணனின் சிநேகிதர் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஓங்கி ஓர் அடி அடித்தால் கரண்ட் நிற்கும். இங்கே எங்கள் மெஷினில் நாலு பக்கமும் இருக்கிறது. எப்படிக் கொடுப்பது என்று வந்ததும் காட்டுகிறேன். அதுவரை மாட்டாதே.

தரணி


லிந்துலை
22.05.2007

மச்சான்,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன்.

பயப்படவேண்டாம். சுட்டுவிரல் நுனி நகத்தோடு போய்விட்டது. நடுவிரலில் ஏழு தையல். மற்ற விரல்கள் இருக்கின்றன. எண்ணிப் பார்த்துவிட்டேன்.

ஆறாம் திகதி, விசாகப் பந்தல் லீவு மாதிரி எல்லோரும் வீட்டில் இருந்த ஞாயிறு. லயம் முழுக்க ஒரே படத்தை டீவியில் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பதினேழாம் பலகையை வெட்டிக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்குக் கரண்ட் போனது. ஸ்பிண்டில் நின்றது, கம்ப்யூட்டர் அணைந்தது.

நம் லயத்தில் கரண்ட் போனால் யார் சுவிட்சை நிறுத்துவார்கள்? போட்டபடியேதான் விடுவோம். பல்பு எரிந்தால்தானே கரண்ட் வந்தது தெரியும்? பிறந்ததிலிருந்து அதுதான் பழக்கம். நானும் சுவர் சுவிட்சை அப்படியே விட்டேன். விட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. நினைக்கவே இல்லை. கத்தியின் கழுத்தில் மரத்தூள் அடைத்திருந்தது. கரண்ட் இல்லாத நேரத்தில் சுத்தம் செய்தால் நேரம் மிச்சம் என்று கையை வைத்தேன்.

கரண்ட் வந்தது.

கரண்ட் வந்தால் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து "ஓ" என்று கத்துவார்கள், உங்களுக்குத் தெரியும். அன்றைக்குப் படத்தின் பாதியில் வந்ததால் பெரியவர்களும் கத்தினார்கள். நானும் கத்தினேன். சந்தோசத்தில் கத்துகிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். அத்தை உள்ளேயிருந்து, "வந்திருச்சுடி, வந்து பாரு" என்று கூப்பிட்டார்.

மற்றதைக் கை ஆறியதும் எழுதுகிறேன்.

ஜெகா


டோஹா
06.06.2007

ஜெகதீஸ்வரிக்கு,

போதும். நான் சொன்னபோதே கேட்டிருந்தால் உனக்கு விரல் இருந்திருக்கும்.

தலவாக்கலைப் பழனியாண்டிக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். லொறி கொண்டுவருவார். மெஷின், கம்ப்யூட்டர், ஸ்பிண்டில் எல்லாவற்றையும் ஏற்றிவிடு. ஓர் ஆணிகூட இஸ்தோப்பில் இருக்கக் கூடாது. அம்மாவிடமும் சொல்லியாகிவிட்டது. இதற்குப் பதில் எழுதவேண்டாம்.

தரணிதரன்


லிந்துலை
15.07.2007

அன்புள்ள மச்சானுக்கு,

பதில் எழுதவேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். வலது கையால்தான். பேனாவை நடுவிரலுக்கும் பெருவிரலுக்கும் நடுவே பிடிக்கப் பழகிவிட்டேன்.

பழனியாண்டி அண்ணன் லொறியோடு வந்தார். வாசலுக்குக் குறுக்கே கிடந்த வாங்கில் அத்தை உட்கார்ந்துகொண்டார். "ஏத்தணும்னா என்னையும் சேத்து ஏத்து" என்றார். அண்ணன் பிளேன்டீ குடித்தார், ரொட்டி சாப்பிட்டார், வெறும் லொறியோடு போனார். நீங்கள் அத்தையிடம் சொல்லியாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். சொன்னீர்கள், சரி. அவர் என்ன சொன்னார் என்று கேட்டீர்களா?

நான் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு நாளில் கண்டாக்கு ஐயா ஆட்களை அனுப்பிப் பதினாறு பலகையையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். மெஷின் ஆபத்தாம், அதனால் நம்பரும் ஆபத்தாம். எனக்கு விரல் போனதைவிட அது வலித்தது. பொய் இல்லை மச்சான், அழுதேன்.

இரண்டு வாரம் ஒன்றும் செய்ய முடியாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு வாரத்தில் ஐந்து தடவை கரண்ட் போனது. ஐந்து தடவையும் லயம் "ஓ" என்று கத்தியது. மூன்றாவது தடவைதான் எனக்கு ஒன்று காதில் விழுந்தது. லயம் கத்துகிறது, டீவி பாடுகிறது, ஆனால் கீழே தேயிலை அரைக்கிற ஸ்டோரில் சத்தமே இல்லை. எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, நாற்பது வரை எண்ணிய பிறகுதான் முதல் ரோலர் உறுமியது. கொஞ்சம் பொறுத்து இரண்டாவது. அதற்கும் பிறகு மூன்றாவது. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம் அது. கரண்ட் லயத்துக்கு ஒரு நேரம், ஸ்டோருக்கு ஒரு நேரமா வருகிறது? ஒரே வயர்தானே?

கட்டுப்போட்ட கையோடு ஸ்டோருக்கு நடந்தேன். அங்கே ரோலர் ஓட்டுகிற ஆண்டியப்பனைத் தெரியும் உங்களுக்கு, என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். "கரண்ட் வந்ததும் ரோலரு ஏன் ஓட மாட்டேங்குது?" என்று கேட்டேன். பைத்தியக்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "தானா ஓடுனா உள்ள கையை வச்சிருக்கவன் என்னாகுறது? பச்சையை அமத்துனாத்தான் ஓடும்." உடனே அவருக்கு என் கை கண்ணில் பட்டது. பிறகு ரோலரை ஓட்டுகிற ஸ்டாட்டர் பெட்டியைத் திறந்து காட்டினார்.

உள்ளே ஒரு சுருள் இருக்கிறது மச்சான். பச்சையை அமத்தினால் அது காந்தமாகி, கரண்ட் போகிற வாயை மூடிப் பிடித்துக்கொள்ளும். விரலை எடுத்தாலும் தன்னைத் தானே பிடித்துக்கொண்டிருக்கும். கரண்ட் போனால் பிடி விட்டுப்போகும். திரும்பக் கரண்ட் வந்தாலும் வாய் மூடாது. ஒரு மனுசக் கை வந்து பச்சையை அமத்தவேண்டும். ரோலரில் கொழுந்து அரைக்கிறவனுடைய கைக்கு இந்தக் காவல் நம் தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது. என் கைக்குத்தான் இல்லை.

கழித்துப்போட்ட சாமானோடு கிடந்த ஒரு சின்ன ஸ்டாட்டரை, ஸ்டோரைப் பார்க்கிற டீமேக்கர் ஐயாவிடம் கேட்டு வாங்கினேன். இப்போது இப்படிக் கொடுத்திருக்கிறேன். சுவரிலிருந்து கரண்ட் நேரே ஸ்பிண்டிலுக்குப் போகாது, ஸ்டாட்டர் வழியாகத்தான் போகும். நீங்கள் அனுப்பிய சிவப்புத் தலைப் பட்டனைச் சுருளுக்குப் போகிற வயரில் குறுக்கே வைத்தேன். கம்ப்யூட்டரின் வயரையும் அதே வயரில் குறுக்கே வைத்தேன். அதனால் கம்ப்யூட்டர் ஸ்பிண்டிலை நிறுத்தலாம், ஓட்ட முடியாது. அது எழும்பும்போது ஆயிரம் தரம் கண்ணைக் கசக்கட்டும், ஸ்பிண்டில் அசையாது. ஓட்டுகிற அதிகாரம் பச்சைப் பட்டனுக்கு மட்டும், பச்சைப் பட்டன் எனக்கு மட்டும்.

அதோடு ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். கத்திக்குப் பக்கத்தில் கை போகுமுன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி என் மடியில் வைத்துக்கொள்வேன். மடியில் பிளக் இல்லாவிட்டால் கை போகாது.

மறுபடி பல்பை வைத்துத்தான் சோதித்தேன். பச்சையை அமத்தினேன், எரிந்தது. அத்தையை மீட்டர் பெட்டியடியில் நிறுத்தி மெயினை நிறுத்திப் போடச் சொன்னேன். நம் டீவி வந்தது, பக்கத்து அறைப் பல்பு எரிந்தது, என் பல்பு இருட்டாகவே இருந்தது. பத்துத் தடவை போட்டோம். பத்துத் தடவையும் எரியவில்லை. எரியாத ஒரு பல்பைப் பார்த்து நான் இவ்வளவு சந்தோசப்பட்டது இல்லை.

இனி நீங்கள் கோபப்படவேண்டிய பகுதி. பலகையைக் கழற்றுகிறவர்களுக்குப் பலகை வெட்டி ஏன் மரத்தை வீணாக்க வேண்டும்? மெஷினின் முன்னும் பின்னும் திறந்துதானே இருக்கிறது. நம் கதவைக் கீலிலிருந்து கழற்றி உள்ளே நுழைத்துப் பார்த்தேன். அரை அங்குலம் மிச்சம் வைத்து நுழைந்தது. ஏழாம் நம்பரைக் கதவிலேயே வெட்டிவிட்டேன், கால் அங்குல ஆழத்துக்கு. மறுநாள் நாகலெட்சுமி அக்கா தன் வீட்டுக் கதவைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். அதற்கு மறுநாள் நாலு கதவு. மழைக்குக் கொங்காணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு கதவுகள் படியேறி வருவதை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

கடைசியாக ஒன்று. சுவர் சுவிட்சில் நேரே மாட்டு என்று எழுதியது நீங்கள். சுவிட்சைப் போட்டபடி விட்டது நான். பாதி உங்கள் தப்பு, பாதி என் தப்பு. என் பாதியை நான் ஒத்துக்கொண்டேன். உங்கள் பாதிக்கு லொறி அனுப்பினீர்கள்.

ஜெகா


டோஹா
30.09.2007

அன்புள்ள ஜெகா,

இரண்டு மாதமாக எழுதி எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கமாட்டேன்.

நான் இங்கே மெஷின் ஓட்டுகிறவன் இல்லை. தூள் கூட்டுகிறவன். வந்த முதல் நாள் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். பதினைந்து மாதமாக அதுதான் வேலை. "எங்கள் மெஷின்" என்று உனக்கு எழுதினதெல்லாம் மூன்றடி தள்ளி நின்று பார்த்தது. பச்சைப் பட்டனை ஒரு தடவைகூட நான் அமத்தியதில்லை. பக்கத்தில் போனால் போர்மன், "நீ கூட்டு" என்பான்.

நீ வேகம் கேட்டபோது அனுபவத்தில் வரும் என்று எழுதினேனே, எனக்குத் தெரியாது. சுவர் சுவிட்ச் என்று எழுதினதும் தெரியாமல்தான். தெரியாது என்று உனக்கு எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. உன் விரல் நுனி என் வெட்கத்துக்குப் போனது ஜெகா. பாதித் தப்பு என்று நீ பெருந்தன்மையாக எழுதிவிட்டாய். பாதிக்கு மேல்.

பெட்டியைத் திறக்காதே என்று நாலு பக்கம் எழுதியதற்கும் காரணம் பயம் மட்டும் இல்லை. நான் தொட முடியாததை நீ எனக்கு முதல் ஓட்டிவிடுவாய் என்று பொறாமை. ஓட்டியும்விட்டாய்.

இங்கே கரண்ட் போவதே இல்லை. போய்த் திரும்பி வந்தால் இந்த மெஷின் என்ன செய்யும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. உன் கடிதம் வந்த பிறகு போர்மனிடம் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை. "அது உனக்கெதற்கு, நீ கூட்டு" என்றான். லிந்துலையில் என் மனைவிக்குத் தெரியும் என்றேன். மலையாளத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை. முதல் தடவையாகப் பெருமையாக இருந்தது.

போன வாரம் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டத் தாள் கொடுத்தார்கள். மெஷினில் வேலை பழக்கினால் கையெழுத்துப் போடுகிறேன், துடைப்பத்துக்குப் போடமாட்டேன் என்றேன். யோசித்துச் சொல் என்றார்கள். யோசித்தாயிற்று என்று தாளை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். நீ எண்ணிப் பார்த்து நம்பர் அடித்தோம் என்று சொன்னாயே, அந்தத் தைரியத்தில் பாதி எனக்கும் வந்திருக்கிறது போல.

உறையின் மேல் துரை பேரை எழுதவில்லை. உன் விலாசத்தை மட்டும் எழுதியிருக்கிறேன். வந்து சேராவிட்டால் இதையெல்லாம் நேரில் சொல்கிறேன்.

உன்
தரணி


இலக்கம் 7, மேட்டு லயம்,
மூங்கில்மலைத் தோட்டம்,
லிந்துலை.
28.10.2007

அன்புள்ள மச்சானுக்கு,

வந்து சேர்ந்தது.

தபால் பை சுமக்கிற வீரபத்திரன் அண்ணன் பத்தொன்பதாம் நம்பரில் இருக்கிறார். அவர் கதவையும் நான்தான் வெட்டினேன். பையை ஆபீசில் கொண்டுபோய் வைக்குமுன் மேட்டு லயத்துக் கடிதங்களை எடுத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி வந்து நம் கதவைத் தட்டினார். கதவு திறந்துதான் இருந்தது. இருந்தும் தட்டினார். "ஏழாம் நம்பரு, ஜெகதீஸ்வரி" என்று உரக்க வாசித்துக் கையில் கொடுத்தார். அத்தை அந்த உறையை வாங்கித் தடவித் தடவிப் பார்த்தார்.

கதவுகளைப் பார்க்கத் துரையே வந்தார். இருபத்திநாலையும் இழைத்து நம்பரை எடுக்கச் சொன்னார். தோட்டத்து ஆசாரி கதவைத் தட்டிப் பார்த்து, வெட்டு ஆழம், இழைத்தால் கதவு தகடாகிவிடும், மாற்றத்தான் வேண்டும் என்றார். உடனே நாகலெட்சுமி அக்கா, "மாத்திக் குடுங்க தொரை. புதுக் கதவுதானே ஒம்பது வருசமா கேட்டுக்கிட்டு இருக்கோம்" என்றார். துரை கதவு வரிசையை ஒருதரம் பார்த்தார். பிறகு ஜீப்பில் ஏறிவிட்டார். கண்டாக்கு ஐயா கழற்றிக்கொண்டு போன பதினாறு பலகையும் இன்னும் ஆபீசில்தான் இருக்கிறதாம். இருக்கட்டும். கீழ் லயத்துக்காரர்கள் கதவைத் தூக்கிக்கொண்டு எப்போது வரலாம் என்று கேட்டிருக்கிறார்கள்.

நீங்கள் எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டவில்லை. துடைப்பத்தைப் பற்றி எனக்கு எப்போதோ சந்தேகம் வந்துவிட்டது. மெஷின் ஓட்டுகிறவன் வேகத்தை எழுதாமல் இருப்பானா? நீங்களாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். சொன்னதற்குச் சந்தோசம். கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மழை நாளில் அந்த விரல் வலிக்கும்போது வரும், பிறகு போகும். அதை மறைத்து நல்ல பிள்ளையாக எழுத எனக்கு வராது.

டிசம்பரில் வாருங்கள். கூட்டுவதற்கு இங்கேயும் தூள் நிறைய இருக்கிறது, ஆனால் உங்களைக் கூட்டவிடமாட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெஷினுக்கு முன்னால் நில்லுங்கள். முதலில் பிளக் யார் மடியில் இருக்கிறது என்று கேளுங்கள். பிறகு சிவப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் தொட்டுக் காட்டுங்கள். அதற்குப் பிறகு பச்சையை நீங்களே அமத்தலாம்.

எனக்குச் சுட்டுவிரல் நுனி இல்லை, நீங்கள்தான் அமத்தவேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நான் பெருவிரலால் அமத்துவேன்.

ஜெகதீஸ்வரி